போன் அண்ணனோடது

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். பிறகு வந்த இணையவழி வகுப்புகளில், காலைப் பத்து மணிக்குத் திரையில் வராத ஒரு மாணவிக்கு நான் தொடர்ந்து ‘ஆப்சென்ட்’ போட்டேன். ஒருநாள் இரவு பத்தரைக்கு அவளுடைய குரல்பதிவு வந்தது: “மேடம், போன் அண்ணனோடது. அவன் வந்து தூங்குனாத்தான் எனக்குக் கெடைக்கும்.”

புதுக்கோட்டையின் நினைவு வந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத்தந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கம் கொடுத்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாரும் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி ஊரைச் சுற்றினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதற்காக அதையே விரும்பியவர்களும் உண்டு. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒரு பெண் படிக்க வேண்டுமென்றால், வகுப்புக்குப் போய்வர அவள் யாரிடமும் கெஞ்சக் கூடாது என்பது அந்த இயக்கத்துக்குத் தெரிந்திருந்தது.

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஒரு பெண்ணின் பெயரிலேயே வீட்டுக்குள் ஒரு கருவி வந்ததைச் சிறிய காரியம் என்று நான் சொல்லமாட்டேன். என் மாணவிகள் பலர் கட்டுரைகளைத் தட்டச்சு செய்தது அதில்தான். இவளிடமும் ஒன்று இருந்தது. ஆனால் நெட் அண்ணனின் போனில் இருந்தது.

2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஊரடங்கில் பள்ளிப் பாடங்கள் அதில் ஓடின. பாடம் ஓடும் நேரத்தில் வீட்டுப் பெண்பிள்ளை அடுப்படியில் நிற்கிறாளா என்று அட்டவணை போட்டவர்கள் யோசித்திருப்பார்களா? நானும் யோசிக்கவில்லையே. டிஜிட்டல் கல்வி பற்றிய கூட்டங்களில் கருவியையும் செயலியையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். பாத்திரம் கழுவி முடிக்கும் நேரம் பேச்சில் வருவதே இல்லை.

பிறகு பாடங்களைப் பத்து நிமிடக் குரல்பதிவுகளாக அனுப்பினேன். எந்த நேரத்தில் பதில் வந்தாலும் வருகை உண்டு என்றேன். மூன்று வாரம் நள்ளிரவில் பதில் அனுப்பினாள். நான்காவது வாரம் அழைத்தபோது அண்ணன் எடுத்தான். “கல்யாணம் நிச்சயமாயிருக்கு மேடம், இனிமே வரமாட்டா” என்றான்.

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நான் போட்ட பதினேழு ‘ஆப்சென்ட்’ அப்படியே இருக்கிறது.