கல்மாலையும் மஞ்சளும்

நகையும் நிறமும் ஒருவருடைய தனித்துவத்தின் வெளிப்பாடு என்கிறோம். கழுத்துக்கு எது பொருந்தும், மாநிறத்துக்கு எந்தச் சேலை எடுக்கும் என்பதெல்லாம் அந்தரங்க ரசனையின் விஷயங்கள், சரித்திரத்துக்கு அங்கே வேலையில்லை என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. தென்னாட்டில் ரசனையைப் பற்றி எழுதப்பட்ட மிக நுட்பமான ஆவணங்கள் என்று நான் கருதுபவை விமர்சகர்கள் எழுதியவை அல்ல. பிறருக்கு ரசனை இருக்கக்கூடாது என்று நினைத்தவர்கள் எழுதியவை.

1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட பிரகடனத்தைப் பாருங்கள். நாடார் பெண்கள் மார்பை மறைப்பது குறித்துப் பல பத்தாண்டுகள் நீடித்த கலகங்களுக்குப் பிறகு, சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்குதலால் பிறந்தது அது. கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். முரட்டுத் துணியை முக்குவப் பெண்கள் கட்டுவதுபோல் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்விதமாகவும் மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. மறைக்கும் உரிமையை ராஜாங்கம் விட்டுக்கொடுத்துவிட்டது, பாணியை விட்டுக்கொடுக்கவில்லை. துணியின் தரமும் அதைக் கட்டும் விதமும் அற்ப விஷயங்கள் என்றால் ஒரு மகாராஜா அவற்றின் பொருட்டுப் பிரகடனம் செய்திருக்க மாட்டார்.

அதே திருவிதாங்கூரில் இதன் மறுபக்கமும் உண்டு. புலையர் பெண்கள் கல்மணி கோத்த மாலைகளைக் கழுத்திலிருந்து மார்புவரை அணிந்தாக வேண்டும். இந்த மாலைகளை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் நாம் நின்று ரசிப்போம். நாட்டார் கலை என்று யாராவது ஒரு கட்டுரையும் எழுதக்கூடும். அழகாகவே இருந்திருக்கலாம். அணிந்தவளுக்குக் கழற்ற அனுமதியில்லை என்பதுதான் விஷயம். அய்யன்காளி கழற்றச் சொன்னார். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அதன் பொருட்டுக் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. பின்னர் கொல்லத்தில், சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை வகித்த கூட்டத்தில், மேல்சாதியினரும் பார்த்திருக்கப் பெண்கள் மாலைகளை அறுத்துக் குவித்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் வியன்னாவில் அடால்ஃப் லூஸ் அலங்காரத்தையும் குற்றத்தையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பப்புவாக்காரன் பச்சை குத்திக்கொள்வதில் தவறில்லை, நவீன மனிதன் குத்திக்கொண்டால் அவன் குற்றவாளி என்பது அவர் வாதம். கவிதையில் அணியைக் களைவது பற்றி நம்மவர்கள் பேசும்போது லூஸைப் படிக்காமலே அவர் குரலில் பேசுவதுண்டு. கொல்லத்தில் நடந்ததை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அன்று வெறுங்கழுத்தோடு வீடு திரும்பியவளை எளிமையை விரும்புகிறவள் என்பது அபத்தம். அடுத்த சந்தையில் அவள் ஒரு சரம் பாசிமணி வாங்கியிருந்தால் எனக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அதைத்தான் அவளுடைய முதல் நகை என்பேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம், ராமநாதபுரத்தில், 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள்மீது கள்ளர்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ போகக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்களுக்கு ரவிக்கையோ தாவணியோ கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. (மஞ்சள் என்ற இடத்தில் ஹட்டனின் ஆங்கிலம் குங்குமப்பூக் குழம்பு என்கிறது. ராமநாதபுரத்துக் குடிசையில் குங்குமப்பூவுக்கு எங்கே போவது?)

இந்தப் பட்டியலை ஒரு அழகியல் நூலாகவே என்னால் படிக்க முடிகிறது. ஒரு மனிதன் தன்னை இன்னான் என்று காட்டிக்கொள்ளக்கூடிய இடங்களைத் தலைமுடியிலிருந்து பாதம் வரை எண்ணிவிட்டிருக்கிறார்கள். பொன்னைத் தடுத்ததற்குக் காரணம் சொல்லிவிடலாம், பொன் சொத்து. பூ சொத்தல்ல, சாயங்காலத்துக்குள் வாடிவிடும். மஞ்சள் அடுத்த குளியலில் கரைந்துவிடும். ஒரு பெண் கண்ணாடி முன்னாலோ குளத்தங்கரையிலோ நின்று இன்றைக்கு இந்த நிறம் என்று தீர்மானிக்கும் அந்தச் சில நிமிஷங்களைத்தான் இங்கே தடை செய்திருக்கிறார்கள். அந்த நிமிஷங்களின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நம் சமூக வரலாற்றாசிரியர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பட்டியலை அடக்குமுறைக்குச் சாட்சியமாக மேற்கோள் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் நாசமாக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளைபோயின. அப்படியும் எட்டுத் தடைகள் சரிவர அனுசரிக்கப்படவில்லை என்று சொல்லி, 1931 ஜூனில் மறுபடியும் கூடி எட்டைப் பதினொன்றாக்கினார்கள். இடைப்பட்ட அந்த ஆறு மாதத்தில் யாரோ பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.