பிள்ளைப்பேற்றுச் சத்தும் கைத்தொலைபேசியும்



கல்யாணமாகி மூன்று வருடமாகியும் தொட்டில் கட்டாத வீட்டில் முதற்பழி யார்மேல் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மருமகள் பத்துமலைக்கு நேர்ந்துகொள்கிறாள், அரசமரத்தைச் சுற்றுகிறாள், கிளினிக்கிற்கும் அவளே தனியாகப் போய் வருகிறாள். மகனையும் சோதிக்கலாமே என்று எந்த மாமியாரும் வாய் திறப்பதில்லை. அண்மைக்காலமாகத்தான் ஒரு புதுப்பேச்சு: "கைத்தொலைபேசியைக் காற்சட்டைப் பையிலே வைத்திருக்கிறான், அதனால் வந்த வினை!" உடனே கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ பஸ் ஏறி, வைட்டமின் புட்டி ஒன்று வாங்கி வருகிறார்கள். இந்தப் பயத்துக்கும் இந்தப் புட்டிக்கும் ஒவ்வொரு சரித்திரம் உண்டு.

புட்டியின் கதை மூத்தது. 1922-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஹெர்பர்ட் எவன்ஸ், கேதரின் பிஷப் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குப் பாற்புரதம், மாவு, பன்றிக்கொழுப்பு முதலியவற்றைக் கணக்காக அளந்து கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. ஆனால் கருத்தரித்த எலிகளின் குட்டிகள் வயிற்றுக்குள்ளேயே கரைந்து போயின. பச்சைக் கீரை கொடுத்ததும் பிரசவம் ஒழுங்காயிற்று. கோதுமை முளையின் எண்ணெயிலும் அதே சத்து இருந்தது. ஆண் எலிகளின் நிலைமைதான் மோசம். அந்தச் சத்து நெடுநாள் கிடைக்காதபோது அவற்றின் விதைகள் சுருங்கிக் கெட்டன. பிறகு கொடுத்தும் தேறவில்லை. இதுவே வைட்டமின் ஈ. 1936-இல் இதற்கு 'டோகோபெரால்' என்று பெயரிட்டார்கள். பிள்ளைப்பேற்றைத் தருவது என்று கிரேக்கச் சொற்களைக் கொண்டு அமைத்த பெயர் அது. பெயரிலேயே பிள்ளை இருக்கும்போது வியாபாரிக்கு வேறு விளம்பரம் எதற்கு?

இந்தச் சத்து நமக்கு அந்நியமானதன்று. 1917-இல் நம் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாகச் செம்பனையை வணிகத்துக்கென நட்டார்கள். (பெயரோ தென்னமரம், நட்டதோ செம்பனை!) அந்தக் குலையிலிருந்து பிழியும் சிவந்த எண்ணெயில் வைட்டமின் ஈ தாராளமாக உண்டு.

சரி, அது விந்தணுவுக்கு என்ன செய்கிறது? திறந்து வைத்த எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கெடுக்கிறது. விந்தணுவின் மேல்தோலிலும் அப்படி எளிதில் கெடும் கொழுப்பு நிறைய இருக்கிறது. அதிக ஆக்சிஜன் மனித விந்தணுவின் ஓட்டத்தைக் குறைத்துவிடும் என்று 1943-லேயே ஜான் மக்லியோட் எழுதினார். இந்தக் கெடுதலைத் தடுக்கும் பொருள்களையே ஆன்டி-ஆக்சிடன்ட் என்கிறோம். வைட்டமின் ஈ அவற்றில் ஒன்று.

இனிக் கைத்தொலைபேசி. மலேசியாவில் அது 1985-இல் 'ஆட்டூர்' என்ற பெயரில் வந்தபோது காரில் பொருத்தும் பெரிய சாமான், பணக்காரர் பொருள். அது எல்லார் பைக்கும் வந்து சேர்ந்த பிறகே இந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் அசோக் அகர்வால் குழுவினர் 2009-இல் 32 ஆண்களின் விந்தை எடுத்து, பேச்சில் இருக்கும் தொலைபேசியை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். ஆக்சிஜன் கெடுதல் கூடியது, அணுக்களின் ஓட்டம் குறைந்தது, மரபுப்பொருளுக்குச் சேதமில்லை. ஆனால் அது கண்ணாடிக் குழாயில் நடந்தது. உடம்பில் தோலும் சதையும் இடையில் இருக்கின்றன. 2023-இல் சுவிட்சர்லாந்தில் 2,886 இளைஞர்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. நாளொன்றுக்கு 20 தடவைக்கு மேல் தொலைபேசியை எடுப்பவர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைவாகக் காணப்பட்டது. அதைக் காற்சட்டைப் பையில் வைப்பதற்கும் எண்ணிக்கைக்கும் மட்டும் தொடர்பு காணவில்லை! ஆகவே, சந்தேகம் இருக்கிறது. தீர்ப்பு இன்னும் ஆகவில்லை. தூர வைத்தால் நட்டமில்லை என்பதால் நான் மேசைமேல் வைக்கிறேன், அவ்வளவே.

புட்டிக்கோ ஓரளவு தீர்ப்பு வந்துவிட்டது. 2020-இல் அமெரிக்காவில் இரண்டு சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. ஒன்றில் வைட்டமின் ஈ உட்படப் பல சத்துகளைச் சேர்த்து ஆண்களுக்குக் கொடுத்தார்கள். விந்தும் தேறவில்லை, கருத்தரிப்பும் கூடவில்லை. மற்றொன்றில் 2,370 தம்பதியர். கணவர்களுக்குத் துத்தநாகமும் போலிக் அமிலமும் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் வேறுபாடில்லை. இதற்கு முன்பே, 2011-இல், வைட்டமின் ஈ மாத்திரையை அதிக அளவில் பல வருடம் சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் சற்றுக் கூடியிருந்ததும் தெரியவந்தது. பெர்க்லி எலிகளுக்குச் சத்து அறவே இல்லை. ஆகவே கொடுத்ததும் பலன் தெரிந்தது. கீரையும் பருப்பும் எண்ணெயும் சாப்பிடும் நம் வீட்டுப் பிள்ளை அந்த எலி அல்லவே!

பிள்ளையில்லாத் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண்பக்கத்துக் குறையும் உண்டு. விதையருகே வீங்கிய நரம்பு, பழைய நோய்த்தொற்று, சிகரெட், ஓயாத வெப்பம் என்று காரணங்கள் பல. சிலவற்றுக்கு வைத்தியமும் உண்டு. புட்டி வாங்கிப் பார்த்து வருடம் போக்குவதில் மனைவியின் வயதும் போகிறது.

1966-இல் பிள்ளைகளை அளவோடு பெறச் சொல்லுவதற்கென்று தொடங்கிய அரசாங்க வாரியமே, இன்று தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமாகி, கோலாலம்பூரில் பிள்ளை வேண்டி வருவோருக்கும் கிளினிக் நடத்துகிறது. விந்துச் சோதனைக்கு ஊசியில்லை, வலியில்லை. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல் தாம்பத்தியம் தவிர்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு விந்தணு முதிர இரண்டரை மாதம்போல் ஆவதால், அண்மையில் கடுங்காய்ச்சல் கண்டவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.