இஸ்லாஹ்கானா: வேலையின்மைக் காலத்தில் ஒரு தொழிற்கல்வி முயற்சி

கைத்தொழிலை மார்க்கத்திற்குப் புறம்பான உலக விவகாரம் என்று இஸ்லாமிய அறிஞர் பெருமக்கள் ஒருபோதும் ஒதுக்கியதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் கல்வியின் வகைகளைப் பகுக்குமிடத்து உழவு, நெசவு, தையல் ஆகிய தொழில்களை ஃபர்ளு கிஃபாயா என்னும் சமுதாயக் கடமைகளின் வரிசையில் வைக்கிறார்கள். ஓர் ஊரில் அத்தொழிலை அறிந்தவர் ஒருவருமே இல்லையெனில் அவ்வூரார் அனைவரும் குற்றத்திற்கு ஆளாவர் என்பது இதன் பொருள். ஆகவே ஒருவருக்குத் தொழில் கற்பிப்பது தருமம் மட்டுமன்று. சமுதாயம் தன் பொறுப்பை நிறைவேற்றுவதும் ஆகும்.

இதற்கு முன்மாதிரியாக ஹதீஸ் நூல்களில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு குவளையும் மட்டுமே இருந்தன. அவற்றை வரவழைத்து ஏலத்தில் இரண்டு திர்ஹத்திற்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்திற்குக் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்து, தங்கள் திருக்கரத்தாலேயே அதற்குப் பிடி பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் விறகு வெட்டி விற்றபின் வருமாறு பணித்தார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்து வந்தார். இந்த அறிவிப்பின் தொடரைப் பற்றி ஹதீஸ் கலைஞர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும் யாசகத்தைக் காட்டிலும் உழைப்பே மேலானது என்னும் அதன் கருத்து வலுவான வேறு ஹதீஸ்களாலும் நிறுவப்படுகிறது. இந்நிகழ்ச்சியில் ஐந்து கூறுகளைக் காணலாம்: அன்றைய பசிக்கு உணவு, தொழிலுக்குக் கருவி, விலைபோகும் பொருள், குறித்த தவணை, தவணை முடிவில் விசாரணை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் உதவி முழுமை பெறாது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் உஸ்மானியப் பேரரசில் நடந்த ஒரு பெருமுயற்சியை ஆராய்வது பயன் தரும்.

உஸ்மானிய நகரங்களில் தொழிற்பயிற்சி நெடுங்காலமாகத் தொழிற்குழுக்களின் கையில் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் அனத்தோலியாவில் பயணம் செய்த இப்னு பதூதா, அங்கிருந்த 'அகீ' சகோதரக் குழுக்களைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். பகலில் உழைத்துப் பெற்ற வருவாயை மாலையில் ஒன்றுசேர்த்து வழிப்போக்கரை உபசரித்த இளந்தொழிலாளர்கள் அவர்கள். பிற்காலத் தொழிற்குழுக்கள் இம்மரபின் ஒழுக்கத்தைப் பெரிதும் ஏற்றுக்கொண்டன. சிறுவன் எடுபிடியாகச் சேர்வான். ஆண்டுகள் சென்றபின் துணைத்தொழிலாளியாவான். உஸ்தாதின் ஒப்புதல் பெற்றபின் தானே கடை வைப்பான். தொழிலுடன் நேர்மையும் கற்பிக்கப்பட்டது. நலிவுற்ற உறுப்பினருக்கு உதவப் பொது நிதிப்பெட்டியும் இருந்தது. பயிற்சி, வேலை, காப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் அமைந்திருந்தன.

இந்தக் கூரை சரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் 1838இல் பிரிட்டனுடன் செய்யப்பட்ட பால்த்தா லிமான் வணிக ஒப்பந்தமாகும். இதன்படி பிரிட்டிஷ் இறக்குமதிப் பொருள்மீது விதிக்கப்பட்ட தீர்வை மொத்தம் 5 விழுக்காடே. ஏற்றுமதிக்கோ 12 விழுக்காடு. ஆலைகளில் நெய்த மலிவான துணி வெள்ளமெனப் பாய்ந்தது. 1860களில் தொழில் சீர்திருத்தத்திற்காக அமைக்கப்பட்ட ஆணையம், இஸ்தான்பூலிலும் உஸ்குதாரிலும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் 2,750ஆக இருந்த துணித் தறிகள் 25ஆகக் குறைந்துவிட்டன என்று பதிவு செய்தது. எல்லாத் தொழில்களும் எல்லா ஊர்களிலும் இவ்வாறே அழிந்தன என்று கூறுவதற்கில்லை. இறக்குமதி நூலைக்கொண்டு தறியைக் காப்பாற்றிய ஊர்களும் உண்டு. ஆயினும் தலைநகரத்து நெசவாளரின் துயரம் மறுக்க முடியாதது.

இதே வேளையில் மற்றொரு வெள்ளமும் வந்தது. கிரீமியப் போர் 1856இல் முடிந்தபின் தாத்தார் முஸ்லிம்களும், 1864இல் காகசஸ் முழுமையும் ருஷ்யர் வசமானபோது சர்க்காசிய முஸ்லிம்களும் இலட்சக்கணக்கில் உஸ்மானிய மண்ணில் தஞ்சம் புகுந்தனர். இவர்களைக் குடியமர்த்த 1860இலேயே முஹாஜிரீன் ஆணையம் அமைக்கப்பட்டது. துறைமுகங்களிலும் வழிகளிலும் நோயால் மாண்டவர் பலர். அவர்களின் பிள்ளைகள் நகரத் தெருக்களில் திரிந்தனர். வேலையிழந்த கைவினைஞரும் வேலையறியா அநாதைகளும் ஒரே காலத்தில் பெருகியதே அன்றைய நெருக்கடியின் இயல்பு.

இந்நிலையில்தான் மித்ஹத் பாஷாவின் பெயர் முன்னிற்கிறது. 1822இல் இஸ்தான்பூலில் பிறந்த அவர் 1861இல் நீஷ் மாகாண ஆளுநரானார். இன்று செர்பியாவில் உள்ள அந்நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக 1863இல் ஓர் இல்லத்தைத் திறந்தார். அதற்கு 'இஸ்லாஹ்கானா', அதாவது சீர்திருத்த இல்லம் என்று பெயரிட்டார். 1864இல் தூனா மாகாணம் உருவாக்கப்பட்டு அவரே அதன் ஆளுநரானபோது, தலைநகரான ரூஸ்சுக்கிலும் சோஃபியாவிலும் இத்தகைய இல்லங்கள் எழுந்தன. முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றிச் சிறுவர்கள் சேர்க்கப்பட்டனர். நாளின் ஒரு பகுதியில் எழுத்தும் கணக்கும் பயின்றனர். பெரும்பகுதி பட்டறையில் கழிந்தது. தையல், செருப்புத் தைத்தல் போன்ற தொழில்கள் கற்பிக்கப்பட்டன. ரூஸ்சுக்கில் மாகாண அச்சகமும் நிறுவப்பட்டு, துருக்கியிலும் பல்கேரியத்திலும் 'தூனா' என்னும் செய்தித்தாள் 1865 முதல் வெளிவந்தது. அச்சுத்தொழில் அறிந்தவருக்கு அதனால் புதிய வாய்ப்புத் திறந்தது. அந்நகரில் சிறுமியர்க்கும் ஓர் இல்லம் அமைந்தது.

இந்த இல்லங்களின் வெற்றிக்கு அடிப்படை, தைத்த ஆடையையும் செருப்பையும் யார் வாங்குவது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இருந்ததாகும். படைவீரருக்கும் காவலருக்கும் வேண்டிய உடைகளும் காலணிகளும் அரசின் தேவையாக இருந்தன. மாணவன் கற்கும்போதே அவன் செய்த பொருளுக்கு வாங்குவோர் காத்திருந்தனர்.

உழவருக்கும் இதேபோன்ற ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. 1863இல் பீரோத் நகரில் 'மெம்லெக்கெத் சந்திக்' என்னும் நாட்டு நிதிப்பெட்டியை மித்ஹத் பாஷா தொடங்கினார். ஊரார் பொது நிலத்தில் கூடி உழைத்து, விளைச்சலை விற்ற பணமே அதன் மூலதனம். கந்துவட்டிக்காரரிடமிருந்து உழவரை மீட்பதே நோக்கம். ஆயினும் இந்நிதியே வட்டி பெற்றுத்தான் கடன் வழங்கியது. மூலதனம் திரட்டிய முறை நமது கூட்டுறவு மரபுக்கு மிக நெருக்கமானது. கடன் வழங்கிய முறையை ஷரீஅத்தின் அடிப்படையில் ஏற்பதற்கில்லை. வரலாற்றைப் படிக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது நம் கடமை. இந்த நிதிப்பெட்டிகளே பிற்காலத்தில், 1888இல், வேளாண் வங்கியாக மாறின.

தூனாவின் முன்மாதிரி விரைவில் பரவியது. 1868இல் இஸ்தான்பூலின் சுல்தான் அஹ்மத் பகுதியில் தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. 1869 முதல் 1872 வரை பக்தாத் ஆளுநராயிருந்த மித்ஹத் பாஷா அங்கும் அநாதைச் சிறுவருக்கான தொழிற்பள்ளி ஒன்றை நிறுவினார். இஸ்மீர், ஸலோனிக்கா முதலிய நகரங்களிலும் இவ்வகைப் பள்ளிகள் தோன்றின.

எனினும் நிறையோடு குறையையும் எடைபோடுவதே வரலாற்று நேர்மை. முதலாவதாக, இம்முயற்சி சிறுவர்களை நோக்கியது. தறியிழந்த நடுத்தர வயது நெசவாளருக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்காகத் தலைநகரில் அமைக்கப்பட்ட ஆணையம் தொழிற்குழுக்களைக் கூட்டு நிறுவனங்களாக மாற்ற முயன்றது, அம்முயற்சி நிலைக்கவில்லை. இரண்டாவதாக, 'சீர்திருத்தம்' என்ற பெயரே ஏழைக் குழந்தையைக் குற்றவாளியின் சாயலில் காணும் பார்வையைக் கொண்டிருந்தது. இவ்வில்லங்கள் பின்னர் 'மக்தபே ஸனாயி', அதாவது தொழிற்பள்ளி என்று வழங்கப்படலாயின, அப்பெயரே பொருத்தமானது. மூன்றாவதாக, அனைத்தும் ஆளுநரின் ஆர்வத்தையும் அரசின் கொள்முதலையும் சார்ந்திருந்தன. 1876இல் அரசியலமைப்பை உருவாக்கப் பாடுபட்ட மித்ஹத் பாஷா 1881இல் விசாரிக்கப்பட்டு, தாயிஃபுக்கு நாடு கடத்தப்பட்டு, 1884இல் அங்கே சிறையில் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே 1877-78 போரின் விளைவாக நீஷ் செர்பியாவுக்கும் ரூஸ்சுக் பல்கேரியாவுக்கும் சென்றுவிட்டன.

இதனோடு ஒப்பிடத்தக்கது மற்றொரு முயற்சி. 1860களில் இஸ்தான்பூலில் யூசுஃப் ஸியாவும் அவர்தம் நண்பர்களும் இஸ்லாமியக் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்து, பெருங்கடைத்தெருவில் வேலை செய்த சிறுவர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தொடங்கினர். அரசு வேலையில் இருந்தவர்களே தம் ஓய்வு நேரத்தில் ஆசிரியராயினர். இச்சங்கமே 1873இல் தாருஷ்ஷஃபக்கா என்னும் பள்ளியைத் திறந்தது. தந்தையை இழந்த பிள்ளைகளுக்கான அப்பள்ளி பேரரசு மறைந்த பின்னரும் நிலைத்து இன்றும் இயங்கி வருகிறது. ஆளுநரின் ஆணையால் எழுந்தது எல்லைக்கோட்டுடன் நகர்ந்துவிட்டது. சமுதாயத்தின் கொடையால் எழுந்தது நிலைத்தது.

தொழில்களைப் பற்றி இப்னு கல்தூன் 'முகத்திமா'வில் கூறும் ஒரு கருத்து இங்கே நினைக்கத்தக்கது. தொழில் என்பது பழகப் பழக உள்ளத்திலும் கையிலும் ஊன்றும் ஆற்றல். ஆனால் அதனை நாடுவோர் குறைந்தால் அது ஊரைவிட்டே மறைந்துவிடும் என்பது அவர் கருத்து. பயிற்சி முதற்பாதி, சந்தை மறுபாதி. இஸ்லாஹ்கானா மறுபாதியை அரசிடம் ஒப்படைத்தது. அரசு விலகியபோது அதுவும் விலகியது.

நம் ஊர்களில் பைத்துல்மால்கள் வழங்கிவரும் தையல் இயந்திரங்களை இந்த ஒளியில் பார்க்கலாம். இயந்திரம் கோடரியைப் போன்றது, அது வேண்டும். அதைப் பெற்ற சகோதரி கற்று முடிக்கும்வரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? தைத்ததை வாங்கப்போவது யார்? பதினைந்தாம் நாள் அவரிடம் சென்று விசாரிக்கப்போவது யார்? ஜமாஅத்தின் மத்ரஸாக்களுக்கும் பள்ளிகளுக்கும் ஆண்டுதோறும் சீருடை தேவைப்படுகிறது. அதை அவரிடமே தைக்கக் கொடுத்தால் மறுபாதியும் நம் கைக்குள்ளேயே இருக்கிறது. ஸகாத்தைப் பங்கிடும் பொறுப்பில் உள்ளோர் வழங்கிய இயந்திரங்களின் எண்ணிக்கையுடன் ஓராண்டுக்குப் பின் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களின் எண்ணிக்கையையும் ஆண்டறிக்கையில் எழுதத் தொடங்குவார்களாயின், ஃபர்ளு கிஃபாயாவின் சுமை சற்றேனும் நம் தோளிலிருந்து இறங்கும்.