சாலையழகும் சாலை போட்டோரும்

இருமருங்கும் மரம் நிற்கும் பெருவழியைச் சாலை என்பது தமிழர் வழக்கு. மதுரைக்குத் தெற்கே மங்கம்மாள் சாலையை அறியாதார் இலர். நிழலுக்கு மரமும் தங்குவதற்குச் சத்திரமும் அமைத்த அவ்வரசியின் பெயர் முந்நூறாண்டு கழிந்தும் மக்கள் நாவில் நிற்கிறது. அச்சாலைக்கு மண் சுமந்தவர் யார், கல் உடைத்தவர் யார் எனின் விடை கூறுவார் எவருமில்லை. சிங்கப்பூரின் கதை சற்றே வேறு. அங்கு ஆதியில் சாலை போட்டவர்கள் கைதிகளாதலின், அவர்தம் தலைக்கணக்கேனும் ஏட்டில் ஏறிற்று!

சாலைக்கு அழகு செய்வோரை அந்நகரம் நன்கு மதித்திருக்கிறது என்பதை முதலில் கூறிவிடுதல் முறை. 2001ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகத்தார் மரபுச் சாலைத் திட்டம் ஒன்றை வகுத்தனர். ஆர்க்கேடியா, லிம் சூ காங், மண்டாய், மவுண்ட் பிளெசண்ட், தெற்குப் புவன விஸ்தா என்னும் ஐந்து சாலைகள் 2006இல் சட்டத்தின் காவல் பெற்றன. சாலையின் இருபுறமும் 10 மீட்டர் அகலத்துக்குள் நிற்கும் மரஞ்செடிகளை உத்தரவின்றி எவரும் வெட்டலாகாது. ஜெர்மனியர் 1950இல் ஒரு நெடுஞ்சாலைக்குக் காதற்சாலை எனப் பெயர் சூட்டியது பிரயாணிகளைத் தம் நாட்டுக்கு அழைக்கவே. சிங்கப்பூரார் சட்டம் செய்ததோ மரத்தைக் காக்க. நிலம் பொன்விலை விற்கும் ஒரு சிறு தீவில் இஃது எளிய காரியமன்று.

அச்சாலைகளுட் சிலவற்றில் பந்தலெனக் கவிந்து நிற்பது நம்மவர் நன்கறிந்த தூங்குமூஞ்சி மரம். தென்னமெரிக்காவிற் பிறந்த இம்மரம் 1876இல் சிங்கப்பூருக்கு வந்தது. மாலையில் இலை மடங்குவதைக் கண்ட மலாய்க்காரர் இதற்கு ‘ஐந்து மணி’ என்று பொருள்படப் பெயரிட்டனர். தோட்டத்துச் சங்கொலிக்குக் காத்திருக்கும் நம் தொழிலாளிக்கு இம்மரத்தின் மீது பொறாமை தோன்றினும் வியப்பில்லை.

இனி, மரநிழலுக்குப் பேர்போகாத ஒரு சாலையை நோக்குவோம். சிராங்கூன் ரோடு அவ்வைந்தனுள் சேர்ந்ததன்று. ஆயினும் 1828ஆம் ஆண்டு வரைபடத்திலேயே அது குதிரைத் தடமாகக் காணப்படுகிறது. பெங்கூலன் 1824இன் உடன்படிக்கையால் டச்சுக்காரர் வசமாகவே, அங்கிருந்த இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் சிங்கப்பூருக்குக் கொணர்ந்தனர். 1825 ஏப்ரலில் முதற்கண் வந்து இறங்கியோர் சென்னை மாகாணத்தார் 80 பேர். ஒரு வாரத்திற்குள் வங்காளத்தார் 122 பேர். கடல் கடந்தால் சாதி போய்விடும் என அஞ்சப் பழக்கப்பட்ட மக்கள் இவர்கள். போன சாதியை எண்ணி அழுவதற்கு நேரமேது? சதுப்பை நிரப்பினர், காட்டை வெட்டினர், சாலை போட்டனர். சிராங்கூன் ரோட்டருகே அவர்கள் சூளையில் வேகவைத்த செங்கல் 1867இல் ஆக்ராக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் கோயிலும் கவர்னர் மாளிகையும் அவர்களுடைய கைவேலையே. 1873இல் கைதிக் குடியேற்றம் முடிவுற்றபோது விடுதலை பெற்ற பலர் அம்மண்ணிலேயே தங்கிக் கலந்துவிட்டனர்.

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகள் 1989 ஜூலை 7 முதல் சட்டப்படி காக்கப்படுகின்றன. நன்று. வீட்டுக்குக் காவலுண்டு, மரத்துக்குக் காவலுண்டு. கைதிகளின் கதையும் நூல்களில் ஏறியிருக்கிறது. நாம் கேட்பது சிறிதே. சாலைக்குச் சிறப்புப் பெயர் தந்து பிரயாணிகளை அழைப்போர், தீபாவளி விளக்கையும் பூக்கடையையும் காட்டுவதோடு நில்லாது, இவ்வழியைத் திருத்தியவர் இன்னார் என்று நடைபாதையிலேயே நான்கு மொழிகளிலும் பொறித்து வைக்கலாகாதா? அரிய மரத்தின் அடியில் அதன் இனத்தையும் உயரத்தையும் எழுதி வைக்கும் நகரத்துக்கு இது பெருஞ்செலவாகிவிடாது.

இதனைப் பழங்கதை என்று ஒதுக்குதற்கில்லை. ஞாயிறுதோறும் தேக்காவில் வந்து கூடும் தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழகத்தாரும் வங்காள தேசத்தாருமே. ஏனைய நாட்களில் அவர்களுட் பலர் அந்நகரின் சாலைகளைத் தோண்டிக்கொண்டும் மரக்கிளைகளைக் கழித்துக்கொண்டும் இருக்கின்றனர்.