நன்றியை எழுதியவர்கள்

இக்காலத்து இளைஞர் நன்றிக் கடிதம் எழுதுகிறார்களா என்ற கேள்வி பெரியவர்கள் கூடுமிடங்களில் அடிக்கடி எழுகிறது. கேட்பவரின் குரலிலேயே 'இல்லை' என்ற விடையும் இருக்கும். எனக்கோ அதனை அவ்வளவு விரைவில் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. முதலில் அந்தச் சொல்லையே சற்றுப் பார்ப்போம்.

வள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. நம் கடன் அதனை அறிதல், மறவாதிருத்தல். வாயாற் சொல்லும் உபசாரச் சொல்லாக அது வழங்குவது பிற்கால வழக்கு. நமது பாட்டன்மார் காலத்துக் கூட்டங்கள் 'வந்தனோபசார'த்தோடுதான் முடிந்தன. ('நன்றிகள்' என்ற பன்மை என் காதுக்கு இன்னும் பழகவில்லை.)

அப்படியாயின் பழந்தமிழர் நன்றியை எழுதவில்லையா? எழுதினார்கள். ஆனால் கொடுத்தவனை நோக்கியல்ல, இன்னும் பெறாத ஒருவனை நோக்கி எழுதினார்கள். பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படைகள். அவற்றுள் முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை 248 அடிகள் கொண்டது. கரிகாலனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பொருநன் வறிய பொருநன் ஒருவனைக் கண்டு பேசுவதாக அது அமைகிறது. ஈரும் பேனும் குடியிருந்த தன் கந்தலை நீக்கி, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய ஆடையை மன்னன் உடுத்தியதைச் சொல்கிறான். இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லை உழுத கொழுப்போலத் தன் பற்கள் தேய்ந்ததைச் சொல்கிறான். வெண்குதிரைகள் நான்கு பூட்டிய தேரில் ஏற்றி, அரசன் ஏழடி பின்னே நடந்து வழியனுப்புவதையும் மறக்கவில்லை. 'நீயும் போ' என்கிறான். கந்தலிலிருந்த பேனைக்கூட மறைக்காத இந்த வெளிப்படையை எந்த நன்றிக் கடிதத்திற் காண்போம்?

இப்பாட்டை 1889இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரும் இந்த மரபைச் சேர்ந்தவரே. தம் பதிப்புகளின் முகவுரைகளில், ஏட்டுப் பிரதி தந்தவர்களை ஊரும் பேருமாக எழுதிவைத்தார். ஓர் ஏடு எந்த வீட்டுப் பரணிலிருந்து வந்தது என்ற வரலாறு அந்தப் பெயர்களிலேதான் தங்கியிருக்கிறது.

நம் நாட்டில் நன்றி அதிகம் அச்சானது மரண வீட்டின் பின்தான். முப்பத்தோராம் நாளையொட்டிப் பத்திரிகையில் 'நன்றி நவிலல்' வரும். கல்வெட்டின் கடைசிப் பக்கத்திலும் அதுவே. மலர்வளையம் சாத்தியோர், அனுதாபத் தந்தி அனுப்பியோர், பந்தல் போட உதவியோர் என்று வகைவகையாகச் சொல்லுவார்கள். இப்பொழுது பலவற்றிற் பெயரை மட்டும் மாற்றி அதே வாசகத்தை அச்சிடுகிறார்கள். அதைச் செய்வோர் இளைஞர் மட்டுமல்லர். நம் வயதினர்தான் பெரும்பாலும்.

இலங்கை வானொலிக்கு ஒரு காலத்தில் தமிழகத்திலிருந்தும் தபாலட்டைகள் வந்து குவிந்தன. இன்ன பாடல் கேட்டோம், இன்ன நாடகம் பிடித்தது என்று எழுதியவர்களிற் பலர் அன்றைய இளைஞர்கள். இன்று தபாலட்டையின் இடத்திற் கைத்தொலைபேசி வந்துவிட்டது. அதில் இரு கைகூப்பிய சிறு படம் ஒன்று வந்து விழுவதோடு பெரும்பாலும் காரியம் முடிகிறது. எதற்காகக் கைகூப்பினார் என்பதை நாம்தான் ஊகிக்கவேண்டும். என் மனக்குறை கடிதம் போனதல்ல, அந்த 'எதற்காக' போனதுதான்.

ஆயினும் எல்லோரும் அப்படியல்லர். சென்ற ஆண்டு பல்கலைக்கழக மாணவன் ஒருவனுக்குப் பொருநராற்றுப்படை உரையைப் பிரதியெடுக்கக் கொடுத்தேன். இரண்டு நாளில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. எந்த அடிவரை படித்தான், எங்கே உரை விளங்கவில்லை என்று எழுதிவிட்டு, நண்பர் இருவரின் பெயரைக் குறித்து, அவர்களும் என்னிடம் வரலாமா என்று கேட்டிருந்தான்.