கோப்பியில் போட்ட காசு



போன வாரம் ஹட்டன் பஸ் ஸ்டேண்டில் என்னிடம் முன்பு படித்த பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான். "சேர், அம்மாவுக்கு ஈ.பி.எப். காசு கிடைச்சிருக்கு. போன்ல ஒரு ஆப் இருக்கு, ஏஐ கம்பெனி ஷெயார் வாங்கலாமுன்னு இருக்கேன். இன்னும் பத்து வருஷத்துல எல்லாமே ஏஐதானே சேர்?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் சரித்திரம் படிப்பிக்கிறவன், ஷெயார் கணக்கு தெரியாது. ஆனால் இதே கேள்வியை இந்த மலைகளில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். பஸ் வருவதற்குள் அவனிடம் முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

1824இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து அங்கே விளைச்சல் குறைந்ததும் இங்கே கோப்பிப் பைத்தியம் பிடித்தது. அரசாங்கம் காட்டை ஏக்கர் ஐந்து ஷில்லிங்கிற்கு விற்றது. கவர்னர், நீதிபதிகள், இராணுவ அதிகாரிகள், பாதிரிமார் வரை வாங்கினார்கள். (காட்டை விற்ற அரசாங்கத்தின் ஆட்களே வாங்கியதைக் கவனியுங்கள்.) அதே 1840களில் இங்கிலாந்தில் ரெயில்வே ஷெயார் பைத்தியம். அந்தக் காலத்து டெக்னாலஜி ஷெயார் அதுதான்.

கோப்பி காய்க்க மூன்று வருடமாவது வேண்டும். கடன் அவ்வளவு காலம் பொறுக்காது. 1847இல் லண்டனில் பண நெருக்கடி வந்தது, கோப்பி விலையும் விழுந்தது. கடன் வாங்கிக் காடு வெட்டிய பலர், தோட்டத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். ஆனால் கோப்பி பிழையான பயிரா? இல்லையே! 1850களிலும் 60களிலும் அதே மலைகள் நல்ல இலாபம் கொடுத்தன. பலன் பார்த்தது மலிவாக வாங்கிய இரண்டாவது ஆள்.

அப்படியென்றால் பொறுமையாக இருந்தால் போதும் என்று நினைப்பீர்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. விலை ஏறிக்கொண்டிருந்ததால் துரைமார் நோயைப் பெரிதாக எடுக்கவில்லை, இன்னும் காட்டை வெட்டி நட்டார்கள். அந்தப் பொறுமை அவர்களை அழித்தது. செத்த கோப்பி மரத் தண்டுகளைத் தேநீர் மேசைக் கால்களுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியதாகச் சொல்வார்கள்.

பிறகு எல்லோரும் கொய்னா மரத்துக்கு ஓடினார்கள். மலேரியா மருந்து, உலகத்துக்கே தேவை, எப்படித் தோற்கும்? எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதில் 1880களின் நடுவில் ஏற்றுமதி வருடத்துக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் அளவுக்குப் போனது. விலை சரிந்தது. ஜாவாவின் பட்டையில் மருந்துச் சத்தும் கூட. மரங்களைப் பிடுங்கிப் போட்டார்கள்.

1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. அதன் நோட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் தவித்தபோது கவர்னர் ஆர்தர் கோர்டன் அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். எங்கள் தொழிலாளிகள் நிலைமை? துரை கடனில் மூழ்கினால் சம்பளம் கிடையாது. தோட்டத்தின் மேல் முதல் உரிமை தொழிலாளியின் சம்பளத்துக்கே என்று சட்டம் வந்ததும் அந்த 1884இல்தான். ஷெயார் வாங்காதவர்களும் நட்டப்பட்டார்கள் என்பதைப் பாடப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும்.

தேயிலை கதை தெரிந்ததுதான். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நட்டார். 1873இல் லண்டனுக்குப் போனது 23 இறாத்தல். அது பெருந்தொழிலாக இன்னும் பத்துப் பதினைந்து வருடம் பிடித்தது. டெய்லர் அதில் பணக்காரராகவில்லை, 1892இல் சம்பளக்காரத் துரையாகவே இறந்தார். கோப்பியை ஏற்றப் போட்ட ரெயில் பாதை ஹட்டனுக்கு வந்தபோது கோப்பி அழிந்துகொண்டிருந்தது, தேயிலை வளர்ந்துகொண்டிருந்தது.

கிட்டிய காலத்திலும் பார்த்தோம். 2022 ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டி 13,000ஐத் தாண்டியது. ஏப்ரலில் சந்தையையே ஐந்து நாள் மூடினார்கள். 2000இல் இன்டர்நெட் ஷெயார்கள் விழுந்தபோது அமேசான் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இறங்கியது. விற்காமல் இருந்தவன் பிறகு பெரிய பணக்காரன். அதோடு விழுந்த பல கம்பெனிகளின் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை.

பையனிடம் நான் கேட்டது ஒன்றுதான். "மகன், நாளைக்கு அது பாதியாகப் போனால், தொடாமல் பத்து வருஷம் விட்டு வைக்க முடியுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "தங்கச்சி அடுத்த வருஷம் கெம்பஸ் போறா சேர்" என்றான். அதற்குள் அவனுடைய பஸ் வந்துவிட்டது.