செவ்வாய்க்கிழமைக்கு லீவு உண்டா?

நம்மூரில் செவ்வாய்க்கிழமை என்றால் ஒரு தயக்கம் உண்டு. பெண் பார்க்கப் போக மாட்டார்கள். புதுக் கடை திறக்க யோசிப்பார்கள். 'செவ்வாயோ வெறுவாயோ' என்று பாட்டிகள் முணுமுணுத்துக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஜனாதிபதியையே செவ்வாய்க்கிழமை பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நேற்று இன்றல்ல, 1845லிருந்து.

அவர்களுக்குப் பிரச்னை வேறு. அது வேலை நாள். ஓட்டுப் போட நாடு முழுவதற்குமான லீவு கிடையாது. காலையில் வேலைக்கு ஓடுகிற வழியில் போட்டால் உண்டு. அல்லது சாயங்காலம் களைத்துப்போய் வந்து க்யூவில் நிற்கவேண்டும்.

போயும் போயும் ஏன் செவ்வாய்? ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

1792ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவினர் டிசம்பர் முதல் புதன்கிழமை கூடி ஓட்டுப் போடவேண்டும். அந்தத் தேர்வாளர்களை அதற்கு முந்தைய 34 நாட்களுக்குள் ஒவ்வொரு மாநிலமும் இஷ்டப்பட்ட தேதியில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். விளைவு? 1844ல் ஜேம்ஸ் போல்க்கும் ஹென்றி கிளேவும் மோதிய தேர்தல் நவம்பர் முழுக்க இழுத்து டிசம்பரில் முடிந்தது. இந்த மாநிலத்தில் ஒரு ஓட்டு. எல்லை தாண்டிப் போய் அந்த மாநிலத்தில் இன்னொரு ஓட்டு. இப்படிக் கள்ள ஓட்டு போட ஏகப்பட்ட வசதி.

இதற்கு முடிவு கட்டத்தான் 1845 ஜனவரி 23 அன்று புதுச் சட்டம் வந்தது. நவம்பர் மாதம், முதல் திங்கள் முடிந்து வரும் செவ்வாய். எல்லா மாநிலத்துக்கும் அதே நாள்.

முதல் செவ்வாய் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்கிறீர்களா? நவம்பர் 1ம் தேதியே செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரின் முதல் புதன் 7ம் தேதி வரும். இடையில் 36 நாள். பழைய சட்டத்தின் 34 நாள் கெடு உதைக்கும். திங்கள் முடிந்து வரும் செவ்வாய் என்றால் எந்த வருஷமானாலும் சரியாக 29 நாள்தான்.

மீதியை அமெரிக்க விவசாயி தீர்மானித்தான் என்று சொல்வார்கள். அறுவடை முடிந்து, பனி கொட்டுவதற்கு முன்னால் வரும் மாதம் நவம்பர். ஞாயிறு சர்ச். புதன் சந்தை. ஓட்டுச்சாவடியோ குதிரை வண்டியில் போகவேண்டிய தூரம். திங்களன்று கிளம்பினால் செவ்வாய் ஓட்டுப் போட்டுவிட்டு, சந்தைக்குள் வீடு திரும்பலாம். அன்றைக்கு ஓட்டுரிமை இருந்ததெல்லாம் ஏறக்குறைய வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும்தான் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். அவர்களுடைய வாரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

அப்புறம் ஃபாக்டரி வந்தது. ஆபீஸ் வந்தது. ஷிஃப்ட் வந்தது. கறுப்பர்களுக்கு 1870ல் சட்டப்படியும் பெண்களுக்கு 1920ல் நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்தது. செவ்வாய் மட்டும் நகரவே இல்லை.

சரி, லீவு விட்டுவிட வேண்டியதுதானே? அதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் மத்திய அரசின் விடுமுறைகள் முதன்முதலில் சட்டமானது 1870ல். புத்தாண்டு, சுதந்திர தினம், நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ். அதுவும் தலைநகர் வாஷிங்டனில் வேலை பார்த்த அரசு ஊழியர்களுக்கு மட்டும். 1885ல் மற்ற ஊர்களில் இருந்த ஊழியர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எல்லை அத்தோடு நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கே நாடாளுமன்றம் ஒரு நாளை விடுமுறை என்று அறிவித்தால், அது கட்டுப்படுத்துவது மத்திய அரசு அலுவலகங்களையும் தலைநகரையும்தான். தனியார் முதலாளி இஷ்டப்பட்டால் லீவு விடலாம். விடாமலும் இருக்கலாம்.

2019 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியினர் ஒரு பெரிய தேர்தல் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பிரிவு, தேர்தல் நாளை மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக்கச் சொன்னது.

செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் கொதித்துவிட்டார். இது அதிகாரத்தைக் கைப்பற்றும் தந்திரம் என்றார். அரசுச் சம்பளத்தில் லீவு எடுத்துக்கொண்டு ஊழியர்கள் எதிர்க்கட்சிக்குத் தேர்தல் வேலை பார்ப்பார்கள் என்பது அவர் வாதம்.

மெக்கானலின் மாநிலம் கென்டக்கி. இந்த சந்தேகத்துக்கு அந்த மண்ணிலேயே ஒரு பழைய வேர் உண்டு. 1938ல் அங்கே செனட் தேர்தலுக்கான உட்கட்சிப் போட்டி. ஒரு பக்கம் செனட்டில் ஆளுங்கட்சித் தலைவராக இருந்த ஆல்பென் பார்க்லி. மறுபக்கம் கவர்னர் சாண்ட்லர். மத்திய அரசின் நிவாரண வேலைத் திட்டத்தில் இருந்தவர்களை பார்க்லிக்கு வேலை பார்க்க வைத்தார்கள் என்று புகார். மாநில ஊழியர்களை சாண்ட்லர் தரப்பு முடுக்கிவிட்டதாகப் பதில் புகார். ஊர் நாறியது. அடுத்த வருஷமே, 1939ல், ஹாட்ச் சட்டம் வந்தது. மத்திய அரசு ஊழியர் கட்சிப் பிரசாரத்தில் இறங்கக் கூடாது. 1993ல்தான் அதைத் தளர்த்தி, பெரும்பாலானவர்கள் வேலை நேரத்துக்கு வெளியே ஈடுபடலாம் என்றார்கள்.

ஆக, பயம் ஆகாசத்திலிருந்து குதித்ததில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. அதே கென்டக்கியில் ஜனாதிபதி தேர்தலன்று மாநில ஊழியர்களுக்கு லீவு! வர்ஜீனியா இன்னும் ஒரு படி மேலே போனது. உள்நாட்டுப் போரில் தென்பகுதிக்குத் தளபதிகளாக இருந்த லீ, ஜாக்ஸன் இருவர் பெயரில் இருந்த விடுமுறையை 2020ல் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் தேர்தல் நாளை உட்கார வைத்தது.

மெக்கானல் விடவில்லை. 2019 மார்ச்சில் கீழ்சபை நிறைவேற்றி அனுப்பிய அந்த மசோதாவை செனட் எடுத்துக்கொள்ளவே இல்லை. தேர்தல் நாளைப் பொது விடுமுறையாக்கும் இன்னொரு மசோதா 2022 ஜனவரியில் செனட் வரை வந்தது. விவாதத்தை முடிக்கத் தேவையான 60 ஓட்டு கிடைக்காமல் செத்துப்போனது.

ஒருவேளை ஜெயித்திருந்தால்? யோசித்துப் பாருங்கள். தபால் துறையை விட்டுவிட்டால் மத்திய அரசின் சிவில் ஊழியர்கள் சுமார் இருபது லட்சம் பேர். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் பதினாறு கோடிக்கு மேல். லீவு நாளில் மால்களில் தள்ளுபடி விற்பனை களை கட்டும். ஓட்டலில் கூட்டம் அம்மும். பல ஊர்களில் பஸ் குறைவாக ஓடும். கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் கூடுதல் வேலை. ஆபீசர் ஓட்டுப் போட்டுவிட்டு அவள் கடைக்கே ஷாப்பிங் வருவார்!

பல மாநிலங்கள் ஓட்டுப் போட இரண்டு, மூன்று மணி நேரம் அனுமதி தரச் சொல்கின்றன. மத்தியில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996ல் சேர்த்த 135பி பிரிவு தனியார் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. தினக்கூலிக்கும் அன்றைய கூலி உண்டு.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். கொரோனா காலத்து 2020 தேர்தலில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் தபாலிலோ நேரிலோ முன்கூட்டியே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். வாக்குப்பதிவு சுமார் 66 சதவிகிதம். 1900க்குப் பிறகு அவ்வளவு வந்ததே இல்லை. இத்தனைக்கும் அந்த செவ்வாய்க்கும் நாடு தழுவிய லீவு கிடையாது.

1845ல் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் விவசாயியின் சர்ச், சந்தை, குதிரை வண்டி எல்லாவற்றுக்கும் தோதாக ஒரு கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். கல்லாவில் நிற்கிறாளே, அந்தப் பெண்ணின் வாரத்துக்கு யார் கணக்குப் போடப் போகிறார்கள்?